நிலையாமையும் நாட்டு வளமும்

பிறந்தவர் இறப்பதும், இறந்தவர் இடத்தில் புதியவர் பிறப்பதும் உலகத்து இயற்கை. இவ்வுண்மையைத் தமிழ்ப் புலவர்கள் பலவாறு எடுத்துரைத்துள்ளனர். திருவள்ளுவர் 34ஆம் அதிகாரமாகிய நிலையாமையில் சாவை உறக்கத்தோடும், பிறப்பை உறங்கி விழிப்பதோடும் ஒப்பிட்டுக் காட்டினார். இரவில் உறங்குவதும் காலையில் விழிப்பதும் மாறிமாறி வருவது போலச் சாவும் பிறப்பும் மாறிமாறி வரும் என்பது அவர் கருத்து.

அதே வள்ளுவர் 74ஆம் அதிகாரமாகிய நாடு என்பதில், ஒரு நாட்டுக்கு அணிகலனாவன ஐந்து என்று எண்ணிச் சொல்கிறார். நோயற்ற நிலை, பொருள், விளைச்சல், மக்களின் மகிழ்ச்சி, பாதுகாப்பு என்பன அவை. இவ்வரிசையில் நோயின்மை முதலில் நிற்கிறது. பொருள் அதற்குப் பின்னரே வருகிறது. செய்யுளின் ஓசை கருதி அவ்வாறு அமைந்தது என்று சொல்வாரும் இருக்கலாம். எனினும் பொருளை நோக்குமிடத்தும் இம்முறை வைப்பே தக்கது என்பதை நாடுகளின் வரலாறு காட்டும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். எல்லாரும் ஒருநாள் இறக்கத்தான் போகிறார்கள் என்றால், நாட்டில் நோய் மிகுவதும் குறைவதும் அத்துணைப் பெரிய செய்தியா? இவ்வையத்துக்கு விடை அவ்விரண்டு அதிகாரங்களும் நிற்கும் இடத்திலேயே உள்ளது. நிலையாமை அறத்துப்பாலில் துறவறவியலைச் சேர்ந்தது. ஒருவன் தன் உடம்பின்மேலும் தன் பொருளின்மேலும் கொண்ட பற்றினை நீக்க அது உதவுகிறது. நாடு பொருட்பாலைச் சேர்ந்தது. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர் செய்யவேண்டியதை அது கூறுகிறது. தன் சாவை எண்ணித் தெளிவது ஞானம். தன்கீழ் உழைப்பவன் சாவைப் பார்த்து, "எல்லாரும் சாகிறவர்கள்தாமே" என்று அமைந்துவிடுவது, துறவிக்குச் சொன்னதை எடுத்து ஆள்வோன் தன் குற்றத்தை மறைத்துக்கொள்வதாகும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிய நாடுகள் எத்தனையோ உண்டு. அக்குழப்பத்தையும் அதனின்று மீள முயன்றவர்களையும் ஒருங்கே காண்பதற்குப் பினாங்குத் தீவு ஏற்ற இடம்.

காடும் காசும்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், பிரான்சிஸ் லைட் என்பவர் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். தீவின் முனை அப்பொழுது அடர்ந்த காடாக இருந்தது. காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது, லைட் வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசைத் தேடிப் புகுந்தவர்கள் காட்டை அழித்து வழி உண்டாக்கினர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ பொய்யோ, அந்நகரம் எழுந்த முறையை அது நன்கு உணர்த்துகிறது. காசு முன்னே சென்றது. மக்கள் அதன் பின்னே சென்றனர். காய்ச்சலும் அவர்களைத் தொடர்ந்தது. லைட்டையும் அக்காய்ச்சல் விடவில்லை. 1794ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் மலேரியாவால் மாண்டார். அவர் கல்லறை ஜார்ஜ் டவுனின் பழைய ஐரோப்பியர் இடுகாட்டில் இன்றும் உள்ளது.

லைட்டுக்குக் கல்லறை உண்டு. பெயர் பொறித்த கல்லும் உண்டு. அவருக்குப் பின் சாலை அமைத்து, சதுப்பைத் தூர்த்து, சுவர் எழுப்பிய எத்தனையோ பேருக்கு அவை இல்லை. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதற்கொண்டு இங்குக் கொண்டுவரப்பட்டனர். 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம் அவர்கள் உழைப்பால் எழுந்ததே. அதனைக் காண வருவோர் தூண்களின் அழகை வியப்பர். செங்கல் சுமந்தவர்களை நினைப்பவர் சிலரே.

பாதி வருவாய்

பினாங்கு வணிகத்தால் வளர்ந்த ஊர். வணிகரை ஈர்ப்பதற்காகத் துறைமுகத்தில் சுங்கவரி பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தது. வரி இல்லையெனில் காவலர்க்கும் அலுவலர்க்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும்? அரசு அதற்கு ஒரு வழி கண்டது. அபினி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. அதிகத் தொகை கேட்டவர் குத்தகையை எடுத்தார். அவர் அத்தொகையையும் அதற்கு மேலான ஊதியத்தையும் அபினி புகைப்போரிடம் திரட்டிக்கொண்டார். புகைத்தவருள் மிகப் பலர் துறைமுகத்திலும் ஈயச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் உடலை வருத்திய சீனத் தொழிலாளர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்ற அரசின் வருவாயில், 19ஆம் நூற்றாண்டின் நெடுங்காலத்துக்கு, ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்தே வந்தது.

செல்வர் வரியின்றி வணிகம் செய்யவும், வறியவர் தம் உடம்பைக் கெடுத்து அரசை நடத்தவும் அமைந்த ஏற்பாடு இது. கணக்கேட்டில் பார்த்தால் நகரம் முன்னேறியது. பொருள் முன்னும் நோயின்மை பின்னுமாக வள்ளுவர் வரிசை அங்கே தலைகீழாயிற்று. தமிழரும் இத்தகைய தீங்குக்குத் தப்பினாரல்லர். தோட்டங்களில் கூலி கொடுத்த கை, கள்ளுக்கடை வழியாக அக்கூலியில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1947ஆம் ஆண்டில் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தது இக்கொடுமை கண்டேயாம்.

பினாங்கு தந்த மருத்துவர்

அபினி வருவாயை அந்நகரத்திலிருந்தே எதிர்த்தவருள் ஒருவர் மருத்துவர் வூ லியன் தே. அவர் 1879ஆம் ஆண்டில் பினாங்கில் பிறந்தவர். பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்றவர். அரசியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றவர். ஊர் திரும்பிய பின், சோழியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய சூலியாத் தெருவில் மருத்துவத் தொழில் நடத்தினார். அபினியால் நைந்த உடம்புகளை நாள்தோறும் கண்ட அவர், அபினி எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்றார். அவருடைய மருந்தகத்தில் சிறிதளவு அபினிக் கரைசல் இருந்ததைக் காரணமாக்கி அவர்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது, தண்டமும் விதிக்கப்பட்டது. மூட்டை மூட்டையாய் அபினி விற்று வாழ்ந்த ஆட்சி, மருந்துக்கு வைத்திருந்த துளியைக் குற்றமாகக் கண்டது. 1908ஆம் ஆண்டில் அவர் சீனாவுக்குப் பணியாற்றச் சென்றார்.

அங்கேதான் சாவுக்கும் வாழ்வுக்கும் இடையே நின்று முடிவு செய்யும் கடமை அவரைத் தேடி வந்தது. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியது. டிசம்பர்த் திங்களில் ஹார்பின் நகரை அடைந்த வூ, இறந்த பெண் ஒருத்தியின் உடலைச் சோதித்து, நோயின் கிருமியைக் கண்டார். எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் பழைய பிளேக்கு அன்று இது; நுரையீரலைப் பற்றி, இருமலாலும் மூச்சாலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுவது என்று அவர் தெளிந்தார். பஞ்சும் மெல்லிய துணியும் கொண்டு முகமூடி செய்து அணியச் சொன்னார். பட்டறிவு மிக்க பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் முகமூடியின்றி நோயாளரை அணுகிச் சில நாள்களில் மாண்டபோது, இளைஞராகிய வூவின் சொல்லை ஊரார் நம்பத் தொடங்கினர்.

எனினும் அதனினும் பெரிய இடர் ஒன்று எஞ்சியிருந்தது. கடுங்குளிரால் நிலம் கல்லாய் இறுகிக் கிடந்தது. குழி தோண்ட இயலவில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிணங்கள் பெட்டிகளிலும் வெளியிலுமாக அடக்கமின்றிக் கிடந்தன. அவற்றால் நோய் மீண்டும் பரவும் என்று வூ அஞ்சினார். எரிப்பதே வழி. ஆனால் முன்னோரை மண்ணில் அடக்கி வழிபடும் சீன மக்களுக்குப் பிணத்தை எரிப்பது பொறுக்கவொண்ணாத இழிவு. தமிழர் பலருக்கு எரியூட்டல் மரபாதலின், அந்நாட்டார் மனம் பட்ட பாட்டை அவர்கள் முயன்றே உணர வேண்டும்.

வூ அம்மரபை மூடநம்பிக்கை என்று இகழவில்லை. தாமே முடிவு செய்து தீ வைக்கவும் இல்லை. ஊர் அதிகாரிகளையும் பெரியோரையும் அழைத்துச் சென்று நிலைமையைக் கண்ணால் காணச் செய்தார். பேரரசின் இசைவை வேண்டி விண்ணப்பித்தார். இசைவு வந்த பின்னரே, 1911ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளில், சிதைகளுக்குத் தீ மூட்டப்பட்டது. மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. மஞ்சூரியாவில் அதற்குள் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர்.

இறந்தோர்க்குச் செய்யும் கடன் ஒருபுறம். வாழ்வோர்க்குச் செய்யும் கடன் மறுபுறம். இரண்டும் மோதும்போது, வாழ்வோர்க்காக இறந்தோர் கடனைச் சற்றே மாற்றலாம் என்றும், அம்மாற்றத்தை உரியவர் அறிய, உரியவர் இசைவோடு செய்யவேண்டும் என்றும் அந்நிகழ்ச்சி கற்பிக்கிறது. சீனாவில் நெடுங்காலம் பணிபுரிந்த வூ, 1937இல் மலாயா திரும்பி, ஈப்போவில் மருத்துவம் பார்த்து, 1960ஆம் ஆண்டு சனவரியில் பிறந்த ஊராகிய பினாங்கிலேயே மறைந்தார்.

தமிழ்த் தொழிலாளரும் தெளிந்த நீரும்

வூ பிறப்பதற்கு முன்னரே, பினாங்கின் எதிர்க்கரையாகிய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழர் சஞ்சிக்கூலிகளாய் உழைத்து வந்தனர். பின்னாளில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பலர், பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் நோய்ச் சோதனைக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களை அடைந்தனர். தொழிலாளர் வெளியிலிருந்து நோய் கொண்டுவருதலை அரசு அஞ்சியது. அவர்கள் போய்ச் சேர்ந்த தோட்டமே அவர்களுக்கு நோய் தருவதை அது அத்துணை விரைவாக எண்ணிப் பார்க்கவில்லை.

மலேரியாவைப் பரப்பும் கொசுக்களுள் ஒரு வகை சேற்றில் வாழாது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரிலே முட்டையிடும். மலைச்சரிவில் காடு இருந்தவரை ஓடைகள் நிழலில் ஓடின. இரப்பர் நடுவதற்காக மரங்களை வெட்டியதும் வெயில் ஓடையில் விழுந்தது, கொசு பெருகியது, வரிசை வீடுகளில் காய்ச்சல் புகுந்தது. ஆகவே பலர் மலேரியாவால் மாண்டது காட்டின் இயல்பால் மட்டும் அன்று. காட்டை வெட்டிய முறையாலும், வெட்டிய இடத்தில் மனிதரைக் குடிவைத்த முறையாலும் நேர்ந்தது அது. விதி என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி மனிதர் செய்த ஏற்பாடே.

1901ஆம் ஆண்டில் கிள்ளானில் மருத்துவராய் இருந்த மால்கம் வாட்சன், சதுப்புநீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பின்னர்த் தோட்டங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் கொசுவை ஒடுக்க இயலும் என்பதும் தெளிவாயிற்று. வழி தெரிந்த பின்னும் எல்லாத் தோட்டங்களும் உடனே அதனைப் பின்பற்றவில்லை. கால்வாய் வெட்டப் பணம் வேண்டும். இறந்தவனுக்கு மாற்றாகக் கங்காணி வேறோர் ஆளைக் கொண்டுவருவான். சாவும் பிறப்பும் மாறிமாறி வரும் என்ற அறவுரை, ஆள் போனால் ஆள் வரும் என்ற வணிகக் கணக்காக இழிந்தது இங்கேதான்.

இன்றைய வினா

அக்காலம் கடந்துவிட்டது. மலேசியாவில் 2018ஆம் ஆண்டு முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா பதிவாகவில்லை. பல தலைமுறை உழைப்பின் பயன் அது. ஆயினும் குரங்குகளிடமிருந்து கொசு வழியே மனிதருக்கு வரும் நோலெசி வகை மலேரியா நீடிக்கிறது. காடும் குடியிருப்பும் நெருங்கும் இடங்களில் உழைப்பவரையே அது மிகுதியும் தாக்குகிறது.

உழைப்போர் முகங்களும் மாறிவிட்டன. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தடையிலா வணிக வட்டாரம் தொடங்கிய பின் பினாங்கு தொழிற்சாலை நகரமாயிற்று. இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் அங்கு உழைக்கின்றனர். 2020ஆம் ஆண்டில் கொவிட் நோய் பரவியபோது வூவின் முகமூடி உலகெங்கும் மீண்டும் வந்தது. நெருக்கடியான தொழிலாளர் விடுதிகளின் நிலையும் வெளிச்சத்துக்கு வந்தது. தோட்டம், சுரங்கம் ஆகியவற்றை முன்னிட்டு 1990இல் இயற்றப்பட்ட தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், 2019இல் திருத்தப்பட்டு 2020 முதல் ஏனைய தொழில்களுக்கும் விரிந்தது. சட்டம் நல்லதே. அதன் பயன் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கின்றனர் என்பதில்தான் தெரியும். ஒருகாலத்தில் வரிசை வீட்டில் காய்ச்சலோடு கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அவ்வறைகளில் இருப்போரை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதும் ஆராயத்தக்கது.

புறநானூற்றின் 18ஆம் பாட்டில், குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு இறப்பை நினைவூட்டுகிறார். மறுமை இன்பமும் வெற்றியும் நிலைத்த புகழும் வேண்டுமாயின், நீரைத் தேக்கி நிலத்தை வளமாக்குக என்பது அவர் அறிவுரை. அரசனும் இறப்பான் என்ற உண்மையிலிருந்து, குடிகள் உண்டு வாழ ஆவன செய்யவேண்டும் என்ற கடமையை அவர் பெற்றார். நிலையாமையை ஆள்வோர் அறியவேண்டிய முறை இதுவே.

தமிழாசிரியர்கள் நிலையாமை அதிகாரத்தை ஒரு நாளும், நாடு அதிகாரத்தை வேறொரு நாளும் கற்பிக்கின்றனர். இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை கற்பித்தால், வகுப்பிலிருந்து ஒரு வினா எழக்கூடும்: "சாவு இயற்கையென்றால், கால்வாய் வெட்டாததால் வந்த சாவும் இயற்கையா?" அவ்வினாவை மாணவர் கேட்குமாறு செய்வதே அப்பாடத்தின் பயன். விடை காண, செபராங் பிறையின் பழைய தோட்டங்களையும் ஜெரஜாக் தீவையும் அவர்களுக்குச் சுட்டிக் காட்டினாலே போதும்.