காய்ச்சல்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி

2016 செப்டெம்பர் 5ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானவர். 1999இல் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா கண்ட நாடு இது. யுத்தத்துக்குள் கிடந்த வடக்கும் கிழக்கும் அதில் பெரும் பங்கைச் சுமந்தன. ஆகவே கிழக்கில் வெல்லாவெளி, மண்டூர், பழுகாமம் என்று படுவான்கரை முழுவதும் இன்று இந்த நோயை மறந்து வாழ்வது பெரிய பேறுதான். ஆனால் ஒழிந்தது இங்கே தொற்றும் மலேரியா. உலகில் மலேரியா ஒட்டுண்ணி ஒழியவில்லை, அதைக் காவும் நுளம்பு நம் ஊரில் ஒழியவில்லை. இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு பயணி போதும். அதனால், மலேரியா இல்லாத ஊரில் மலேரியாவைக் கண்டுபிடிக்கும் வேலை ஆய்வுகூடத்தில் தொடங்குவதில்லை, “அண்மையில் வெளிநாடு போய் வந்தீர்களா?” என்ற கேள்வியில் தொடங்குகிறது. அந்தக் கேள்வியை வைத்தியர் கேட்க மறந்தாலும், விடையைச் சொல்லும் உரிமையும் பொறுப்பும் நோயாளியிடம் இருக்கின்றன.

ஏன் ஒரு பயணி போதும் என்பது ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டத்தைப் பார்த்தால் விளங்கும். அனோபிலிஸ் பெண் நுளம்பு கடிக்கையில் அதன் உமிழ்நீரோடு நுழையும் ஒட்டுண்ணி ஒரு மணித்தியாலத்துக்குள் ஈரலை அடைந்துவிடும். அங்கே சத்தமில்லாமல் பல்கிப் பெருகி, பிறகு இரத்தத்தில் இறங்கிச் செங்குழியங்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவரும். குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் அப்போதுதான் வருகின்றன. ஒட்டுண்ணிகளுள் சில ஆண், பெண் வடிவங்களாக மாறி இரத்தத்திலேயே காத்திருக்கும். அடுத்து கடிக்கும் நுளம்பு அவற்றை உறிஞ்சினால், பத்து நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் அந்த நுளம்பே பிறருக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடியதாகிவிடும். இந்த ஒட்டுண்ணியில் இரண்டு இனங்களை நாம் அறிந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் மிகுதியாக உள்ள பல்சிபாரம் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிச் சில நாட்களுக்குள் உயிரைப் பறிக்கலாம். இந்தியாவிலும் பரவலாக உள்ள வைவாக்ஸ் அவ்வளவு வேகமாகக் கொல்வதில்லை. ஆனால் அதன் ஒரு பகுதி ஈரலில் உறங்கிக் கிடந்து, பல மாதம் கழித்தும் எழும்பும். “வந்து ஆறு மாதம் ஆயிற்று, இனி என்ன?” என்ற எண்ணம் இங்கேதான் பிழையாகிறது.

இது வெறும் அச்சமூட்டல் என்று நினைப்பவர்களுக்கு நம் வரலாறே பதில் சொல்கிறது. 1934, 35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேரை இழந்த நாடு, டி.டி.ரி. தெளித்து 1963இல் நோயாளர் எண்ணிக்கையை வெறும் 17க்குக் கொண்டுவந்தது. வெற்றி கிடைத்தது என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1960களின் முடிவுக்குள் மலேரியா மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. இம்முறை அந்தத் தவறு நடக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2018 டிசம்பரில் மொனராகலையில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் ஒருவரின் தொற்று உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பரவியது. மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழ் கிடைத்தபின் உள்நாட்டில் பரவிய முதல் சம்பவம் அது. கண்டுபிடித்துச் சூழ வளைத்ததால் அது அங்கேயே நின்றது. மறுபக்கம், 2016இன் இறுதியில் மன்னாரிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு கண்டறியப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் இந்த நுளம்புதான் சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைக் காவி வந்தது. ஆற்றோரக் குட்டைகளை நாடும் பழைய நுளம்போடு இதையும் சேர்த்தே இனிக் கணக்கிட வேண்டும்.

இனி ஆய்வுகூடம். “இரத்தம் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை” என்று சொல்பவரிடம், எந்தச் சோதனை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது எஃப்.பி.சி. எனப்படும் குழியக் கணக்காகவே இருக்கும். அந்த இயந்திரம் குழியங்களை எண்ணுகிறது. குழியத்துக்குள் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேடுவது அதன் வேலையல்ல. இதில் ஒரு பொறியும் உண்டு. டெங்குவில் பிளேட்லெட் இறங்குவதுபோல மலேரியாவிலும் இறங்கும். டெங்கும் எலிக்காய்ச்சலும் முதலில் நினைவுக்கு வரும் வயல்சார்ந்த பிரதேசத்தில், பிளேட்லெட் குறைவைக் கண்டதும் டெங்கு என்று முடிவுகட்டுவது இலகு. மலேரியாவை உறுதிப்படுத்தும் சோதனை வேறு: விரல் நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடித்த படலமாகவும் மெல்லிய படலமாகவும் இட்டு, கீம்சா சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் தேடுவது. தடித்த படலத்தில் இரத்தம் அடர்ந்திருப்பதால் குறைந்த எண்ணிக்கையிலான ஒட்டுண்ணியும் அகப்படும். மெல்லிய படலத்தில் அதன் உருவம் கெடாமல் தெரிவதால் எந்த இனம் என்று சொல்லலாம். பிறைவடிவம் கண்டால் பல்சிபாரம். உடனே விடை தரும் துரிதச் சோதனை அட்டையும் உண்டு. அது பயனுள்ளதே, ஆயினும் ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் தவறவிடும். நோய் மாறிய பின்னும் சில கிழமைகள் ‘உண்டு’ என்றே காட்டலாம். ஆகவே அட்டை தகட்டுக்கு மாற்றல்ல. முதல் தகட்டில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தேகம் நீங்காதவரை 12 முதல் 24 மணித்தியால இடைவெளியில் மீண்டும் பார்ப்பதே முறை.

சிறிய கிராமிய வைத்தியசாலையில் இதற்கெல்லாம் ஆளும் வசதியும் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தகட்டைப் பார்க்கும் நிபுணர் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டியதில்லை. சந்தேகம் எழுந்தால் தகட்டை அனுப்பவும் மலேரியா தடை இயக்கத்தின் பிராந்திய அலுவலகத்தை அழைக்கவும் வழி இருக்கிறது. இல்லாத நோய்க்கு இவ்வளவு செலவா என்பது இன்னொரு வாதம். ஆண்டுக்கணக்கில் ஒட்டுண்ணியையே காணாத கண் அதை அடையாளம் காணும் பழக்கத்தை இழந்துவிடும்; தகடுகள் வந்துகொண்டிருந்தால்தான் அந்தத் திறன் நிலைக்கும். உண்மையில் எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது தடை. முறையான விசா இல்லாமல், முகவரை நம்பி ஆப்பிரிக்க நாடுகள் வழியாகப் போய்த் தடைப்பட்டுத் திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் மலேரியா கண்டுபிடிக்கப்பட்டதும் உண்டு. பிடிபடுவோமோ என்ற பயத்தில் அவர்கள் பயணத்தை மறைப்பது மனித இயல்பு. ஆனால் வைத்தியர் கேட்பது சிகிச்சைக்காக. அவர் பொலிஸ் அல்ல. கேட்பவரும் விசாரணைத் தொனியில் கேட்கக் கூடாது.

பரிசோதனையும் சிகிச்சையும் அரச சேவையில் இலவசம். மலேரியா அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால் உறுதியானதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போகும். உங்கள் வீட்டாரையும் அயலையும் பரிசோதிக்க வருவார்கள். அதை அவமானமாக எண்ணாமல் ஒத்துழையுங்கள். வைவாக்ஸ் என்றால் ஈரலில் உறங்குவதை அழிக்கப் பிரைமாகுயின் 14 நாள் தருவார்கள். காய்ச்சல் விட்டதும் அதை நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு அது கொடுக்கப்படுவதில்லை. ஜி6பிடி என்ற நொதியக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்பதால், அந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்பதும் உங்கள் உரிமை. மலேரியா உள்ள நாட்டுக்குப் புறப்படுவோருக்குத் தடுப்பு மாத்திரையையும் மலேரியா தடை இயக்கம் இலவசமாகத் தருகிறது. மருந்தைப் பொறுத்து, புறப்படும் முன்பே தொடங்கித் திரும்பிய பின்னும் சில கிழமை அதை விழுங்க வேண்டியிருக்கும். இரத்ததானம் செய்யும்போதும் பயணத்தை மறைக்காதீர்கள். ஒட்டுண்ணி இரத்தத்தோடும் போகும்.

2023 ஏப்ரலில், ஆப்பிரிக்கா போய்த் திரும்பிய ஒருவர் இலங்கையில் மலேரியாவால் இறந்தார். எனவே வேலைக்கோ யாத்திரைக்கோ வைத்தியத்துக்கோ போய் வந்து, ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “டொக்டர், நான் வெளிநாடு போய் வந்தனான். மலேரியாவுக்கும் ஒருக்கா ரத்தம் பாருங்க.”