கங்கா, காவேரி இருக்காங்க... வைகை எங்கே? ஆறுகள் தந்த பெயர்களின் கதை

மதுரை திருநகரில் தெருமுனையில் நின்று ‘கங்கா’ என்று கூப்பிட்டால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ‘என்னக்கா?’ என்று பதில் வரலாம். ‘வைகை’ என்று கூப்பிட்டால்? ‘ரயிலையா கேக்குறீங்க?’ என்பார்கள். 1977 முதல் சென்னைக்கு ஓடும் எக்ஸ்பிரஸின் பெயராயிற்றே!

எந்தப் பெயருக்கு என்ன பொருள்?

கங்கா என்றால் ‘போய்க்கொண்டே இருப்பவள்’. யமுனா, புராணப்படி யமனின் தங்கை. நர்மதா, மகிழ்ச்சி தருபவள். ஜானவி, ஜஹ்னு முனிவரின் மகள். அதுவும் கங்கையின் பெயரே. சிந்து என்றாலே ஆறுதான். பாரசீகர் வாயில் ‘ஹிந்து’, கிரேக்கர் வாயில் ‘இந்தோஸ்’ என மாறி, ‘இந்தியா’ பிறந்தது அந்தச் சொல்லில் இருந்துதான். பொன்னி, காவிரியின் இன்னொரு பெயர். ஆண்களுக்குக் கங்காதரன்: கங்கையைத் தலையில் தாங்கிய சிவன்.

தடை சொன்னவர்கள் உண்டா?

உண்டு. நட்சத்திரம், மரம், ஆறு ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்ணை மணக்கக் கூடாது என்கிறது மனுஸ்மிருதியின் 3-ம் அத்தியாயம். நம் வீடுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரோகிணியும் காவேரியும் இல்லாத கல்யாணப் பத்திரிகை எந்த ஊரில் இருக்கிறது?

வைகைக்கு ஏன் அந்த இடம் இல்லை?

கங்கை, காவிரிக்குக் கிடைத்த புண்ணிய நதி என்ற பெருமை வைகைக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கதைக்குப் பஞ்சமில்லை. மீனாட்சி கல்யாணத்தில் தாகத்தால் தவித்த குண்டோதரனிடம் சிவன் ‘வை கை’ என்றாராம், ஆறு பெருகியதாம். இது பிற்காலக் கதை. சங்க இலக்கியத்தில் இந்த ஆற்றின் பெயர் ‘வையை’. பரிபாடலில் அவளுக்கென்றே தனிப் பாடல்கள் உண்டு. சிலப்பதிகாரத்திலோ அவள் ஒரு பெண்ணாகவே வருகிறாள்: கண்ணகிக்கு நேரப்போவதை முன்பே அறிந்து, பூக்களால் உடம்பைப் போர்த்தி, கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள்.

அந்த ஆறு இன்று மதுரைக்குள் பல மாதங்கள் மணலும் கழிவுநீருமாகக் கிடக்கிறது. ஊர்ப்பெருமை பேச வடிவேலுவை ‘வைகைப்புயல்’ என்கிறோம். பிள்ளைக்குப் பெயர் தேடும்போது மட்டும் வடக்கே போய்விடுகிறோம்.

வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறதா? ‘வையை’ என்றும் வைக்கலாம். பழைய பெயர், சொல்லக் கதையும் இருக்கிறது. ரயில் குழப்பமும் வராது.