தக்கை மடம்: உடைமை, பயன்பாடு, குனிதல்

போர்ச்சுகல் நாட்டின் சிந்த்ரா மலைக்காட்டில் இருக்கும் பிரான்சிஸ்கன் மடம் ஒன்றில், துறவியரின் அறைக்குள் நுழையும்போது என் தலை இடித்துக்கொண்டது. இக்கட்டுரை அந்த இடியிலிருந்து தொடங்குகிறது. "பாத்து, தோழர். இங்க யாரா இருந்தாலும் குனிஞ்சுதான் ஆகணும்" என்றார் லிஸ்பனில் வேலை பார்க்கும் நண்பர். கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டார்.

சாந்தா குரூஸ் மடம் என்பது அதன் முறையான பெயர். மக்கள் வழக்கில் கப்பூஷுஸ் மடம். வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தக்கை மடம். 1560இல் கட்டப்பட்டது. கட்டப்பட்டது என்பதைவிடப் பாறைகளின் இடுக்குகளில் செருகப்பட்டது என்பதே பொருந்தும். பெரிய கருங்கல் உருண்டைகள் சில இடங்களில் சுவராகவும் சில இடங்களில் கூரையாகவும் இருக்கின்றன. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மூடுபனி மலையில் தங்கிவிடுவதால் பகலிலும் ஈரம் சொட்டுகிறது. ஓக் மரங்களின் கிளைகளில் பாசி, பாசியின் மேல் பெரணி. மடம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று சொல்ல முடியாது.

உள்ளே இருப்பவை ஒரு சிறிய தேவாலயம், உணவறை, சமையலறை, நூலகம், நோயாளிகளுக்கான அறை, பிறகு வரிசையாகத் துறவியரின் அறைகள். உணவு மேசை ஒரு கற்பலகை. அறைகளில் காலை நீட்டிப் படுப்பதே கடினம். வாசல்களோ ஒரு சிறுவனின் உயரம்கூட இருக்காது. கதவிலும், சாளரப் பலகையிலும், கூரையின் உட்புறத்திலும் தக்கைப் பட்டை பதித்திருக்கிறார்கள்.

இந்தத் தக்கையை எப்படி வாசிப்பது? பெரும்பாலோர் இதை ஏழ்மையின் குறியீடாக வாசிக்கிறார்கள். பொன் இல்லை, பளிங்கு இல்லை, மரப்பட்டைதான் இருக்கிறது என்கிற வாசிப்பு. நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் தக்கை குளிரைத் தடுக்கும், ஈரத்தை உள்ளே விடாது, சத்தத்தை அடக்கும். அந்த மலையில் உயிரோடு இருப்பதற்கு வேண்டிய பொருள் அது. தக்கை ஓக் மரத்தை வெட்டுவதில்லை. பட்டையை மட்டும் உரித்தெடுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், மறுபடி வளர்கிறது. ஒருமுறை உரித்தால் அடுத்த உரிப்புக்கு 9 ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும் என்பது இன்றைய போர்ச்சுகல் நடைமுறை. ஆக, ஒன்றை அழிக்காமலும் தனதாக்கிக்கொள்ளாமலும் அதன் பயனை மட்டும் எடுத்துக்கொள்வது என்ற கருத்து, கதவிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது எனலாம்.

பிரான்சிஸ்கன் சிந்தனையின் மையமே இதுதான். அசிசி பிரான்சிஸ் தன் சகோதரர்கள் எதையும் உடைமையாகக் கொள்ளக் கூடாது என்றார். தனியாளாக மட்டுமல்ல, சபையாகவும் கூடாது. உடனே ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது. சாப்பிடுகிற ரொட்டி யாருடையது? போட்டிருக்கிற அங்கி யாருடையது? போப்பாண்டவர் மூன்றாம் நிக்கொலஸ் 1279இல் வெளியிட்ட ஆணை இதற்கு ஒரு தீர்வைச் சொன்னது. உரிமை திருச்சபையுடையது, சகோதரர்களுக்கு வெறும் பயன்பாடு மட்டும், பயன்படுத்தும் உரிமைகூட இல்லாத பயன்பாடு. போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜான் 1322இல் இந்த ஏற்பாட்டைக் கலைத்தார். தின்று தீர்க்கிற பொருளில் பயன்பாட்டையும் உடைமையையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்பது அவர் கேள்வி. அடுத்த ஆண்டு, கிறிஸ்துவும் சீடர்களும் எதையும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை என்று அடித்துச் சொல்வதே பதிதம் என்று அறிவித்தார். 1328இல் சபைத் தலைவர் செசேனா மிக்கேலும் தத்துவவாதி ஒக்காம் வில்லியமும் அவிஞ்ஞோனிலிருந்து தப்பி ஓடினார்கள். ஒரு ரொட்டித் துண்டு யாருடையது என்பதற்காக இவ்வளவு கலவரம்! உடைமை என்ற கதையாடலுக்கு வெளியே வாழ முடியும் என்று சொல்வதே அதிகாரத்தை எவ்வளவு தொந்தரவு செய்திருக்கிறது என்பதற்கு இது சாட்சி. இத்தாலியத் தத்துவவாதி அகம்பென் 2011இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சட்டத்துக்குப் பிடிகொடுக்காத ஒரு வாழ்முறையின் சாத்தியத்தை அவர் இங்கே காண்கிறார்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

தலையைத் தடவிக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் பழைய வீடு ஞாபகம் வந்தது. கூரை வீடு. அதன் வாசலும் குனிந்தே நுழைய வேண்டியதுதான். அம்மா இடுப்பு வலியோடு அந்த வாசலில் குனிந்து நிமிர்ந்தே வயசானார். அதை யாரும் துறவு என்று சொன்னதில்லை. வீடு நின்ற இடம் புறம்போக்கு. பட்டா கிடையாது. அதாவது, 1279இன் மொழியில் சொன்னால், எங்களுக்கு இருந்ததும் உரிமையற்ற வெறும் பயன்பாடுதான். அந்தச் சகோதரர்கள் எதை வேண்டாம் என்று உதறினார்களோ, அதற்காக அப்பா மனு எழுதிக்கொண்டு வருஷக்கணக்காக அலைந்தார். "நம்ம இடம்னு ஒரு காகிதம் இருந்தா போதும்டா" என்பார்.

இரண்டும் ஒன்றா? இல்லை. தேர்ந்துகொண்ட ஏழ்மைக்கு ஒரு புரவலர் தேவைப்படுகிறார். "எதுவும் எங்களுடையதல்ல" என்று சிலர் சொல்ல வேண்டுமானால், "இது என்னுடையது" என்று சொல்லி, அதை அவர்களுக்காக வைத்திருக்க ஒருவர் வேண்டும். இந்த மடத்தைக் கட்டியவர் அல்வாரோ த காஸ்த்ரோ. தந்தையின் நேர்ச்சையை நிறைவேற்றவே கட்டினார் என்கிறார்கள். தந்தை ஜொவாவ் த காஸ்த்ரோ 1545இல் கோவாவுக்கு கவர்னராக வந்து, வைஸ்ராயாக உயர்த்தப்பட்டு, 1548இல் கோவாவிலேயே இறந்தவர். 1546இல் தியூ கோட்டை முற்றுகையை முறியடித்தவர். அந்தப் போரையொட்டி குஜராத் கரையோர ஊர்கள் கொளுத்தப்பட்டன. கோட்டையை மீண்டும் கட்டக் கடன் கேட்டுத் தன் தாடி மயிரையே கோவா நகரத்தாரிடம் ஈடு வைத்தார் என்பது போர்ச்சுகீசியர் பெருமையோடு சொல்லும் கதை. எளிய மனிதர் என்று காட்டத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பேரரசின் ஆள் என்பதால்தானே மயிருக்கும் கடன் கிடைத்தது? அப்பாவின் மனுவுக்கு ஒரு ரசீதுகூடக் கிடைத்ததில்லை.

1581இல் மன்னர் பிலிப் இங்கே வந்தபோது, தன் நாடுகளிலேயே மிக உயர்வாகத் தாம் கருதுபவை இரண்டு, செல்வத்துக்காக எஸ்கோரியல், ஏழ்மைக்காக இந்த மடம் என்று சொன்னதாகச் சொல்வார்கள். அவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது தற்செயல் இல்லை. பேரரசுக்கு இரண்டும் தேவை. ஒன்று அதன் உடல், மற்றது அதன் மனசாட்சி.

இதோடு முடித்துக்கொண்டால் வேலை சுலபம். ஏழ்மை ஒரு வேஷம் என்று கட்டுடைத்துவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் வரலாறு இன்னொரு பக்கமும் திருப்புகிறது. 1834இல் போர்ச்சுகல் அரசு ஆண் துறவுச் சபைகளை ஒரே ஆணையில் கலைத்துச் சொத்துகளை எடுத்துக்கொண்டது. 270 ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய இடத்திலிருந்து கப்பூஷுஸ் துறவிகளும் வெளியேற வேண்டியதாயிற்று. புரவலர், போப், நேர்ச்சை எதுவும் நிற்கவில்லை. கடைசியில் பட்டா இல்லாதவர்கள் பட்டா இல்லாதவர்கள்தான். 1873இல் பிரான்சிஸ் குக் என்ற ஆங்கிலச் செல்வர் மடத்தை வாங்கினார். 1949இல் அது அரசிடம் வந்தது. இன்று நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போக முடியும். ஏழ்மையைப் பார்க்கக் காசு.

மிஞ்சியது காடு. சிந்த்ரா மலையின் பிற பகுதிகள் 19ஆம் நூற்றாண்டில் மன்னர்களும் செல்வர்களும் தேசதேசத்து மரங்களைக் கொண்டுவந்து நட்ட தோட்டங்களாயின. இந்த மடத்தைச் சுற்றி மட்டும் மலையின் பழைய ஓக் காடு பேரளவு பிழைத்திருக்கிறது. தங்களுடையது என்று சொல்லாதவர்கள் விட்டுவைத்த காடு.

உடைமையற்ற வாழ்வு என்பதை அதனால் என்னால் கேலி செய்ய முடியவில்லை, கொண்டாடவும் முடியவில்லை. காகிதத்துக்காக அலைந்தவனின் மகன் அதை எப்படிக் கொண்டாடுவான்? எல்லோருக்கும் ஒரு பட்டா கிடைத்த பிறகுதான், அதைக் கிழித்துப்போடுவது பற்றி எல்லோரும் சேர்ந்து பேச முடியும். அதுவரை துறவு சிலரது சலுகையாகவே இருக்கும்.

வெளியே வரும்போது கவனமாகக் குனிந்தேன். நண்பர் சிரித்தார். "பழகிடுச்சு போல?" "இது ரொம்பப் பழைய பழக்கம், தோழர்" என்றேன்.