இணையம் இயங்கும் விதம்: தென்னேரியிலிருந்து சிங்கப்பூருக்கு

வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரியில் ஒரு நெசவாளர், தறியிலிருந்து இறக்கிய பட்டுச் சேலையைக் கைப்பேசியில் படம் பிடித்துச் சிங்கப்பூரிலுள்ள துணிக்கடைக்காரர் ஒருவருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நொடிகளில் படம் அங்கே விரிகிறது. அது எவ்வழியே சென்றது என்று கேட்டால், 'செயற்கைக்கோள் வழியாக' என்றே நம்மில் பலரும் விடை கூறுவர். கற்றவர்களிடமும் இவ்விடை வருவதை நாம் கண்டிருக்கிறோம். உண்மையில் அந்தப் படம் காற்றில் செல்வது, கைப்பேசியிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரையிலான தூரமும், மறுமுனையில் அதையொத்த சிறு தூரமுமே. மற்ற வழியெல்லாம் பெரும்பாலும் மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் கிடக்கும் கண்ணாடி இழைகள்.

அந்தப் படம் முதலில் எண்ணாக மாற வேண்டும். இதை விளக்கக் காஞ்சிபுரம் வட்டாரத்துத் தறியைவிடச் சிறந்த கருவி நமக்குக் கிடைக்காது. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் அமைத்த பெட்டி இன்று நம் தறிகளின் மேலும் அமர்ந்திருக்கிறது. அதில் சுழலும் அட்டைகளில் துளை இருக்குமிடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு நூல் மேலெழும். துளை இல்லாத இடத்தில் நூல் எழாது. மயிலும் மாங்காயும் அன்னமும் இந்த 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டின் அடுக்கிலிருந்தே பிறக்கின்றன. கணினி செய்வதும் இதுதான். துளைக்கு 1, துளையின்மைக்கு 0. இவ்விரண்டில் ஒன்றைக் குறிக்கும் ஓர் இடத்துக்கு 'பிட்' என்றும், எட்டுப் பிட்டுகள் சேர்ந்ததற்கு 'பைட்' என்றும் பெயர்.

எழுத்துகளுக்கும் இவ்வாறே. யூனிகோடு என்னும் உலகப் பொதுப் பட்டியலில் 'ஹ' என்ற எழுத்தின் எண் 3001. அதை இரண்டின் அடுக்கில் எழுதினால் 101110111001 என்றாகும்; பன்னிரண்டு இடங்கள் கொண்ட ஓர் அட்டை என்றே கொள்ளலாம். 'ஹமீது' என்று எழுதும்போது நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகளே தெரிகின்றன. கணினிக்கோ ஹ, ம, ஈகாரக் குறி, த, உகரக் குறி என ஐந்து. பரவலாக வழங்கும் முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆகப் பதினைந்து. அதே பெயரை அரபு எழுத்தில் எழுதினால் நான்கு எழுத்துகளுக்கு எட்டுப் பைட்டுகள் போதும். இப்பொதுப் பட்டியல் பரவுமுன் ஒவ்வொரு தமிழ் இதழின் தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு வேண்டியிருந்தது. அது இல்லாத கணினியில் கட்டுரை முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுக்க முயன்றது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று நம் பெயர்களை எழுத்துச் சிதையாமல் உலகின் எந்த மூலைக்கும் அனுப்ப முடிவது இந்த உழைப்பால்தான்.

சேலையின் படம் மூன்று மெகாபைட் அளவினது என்று கொள்வோம். இணையம் அதை ஒரே மூட்டையாகச் சுமப்பதில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,500 பைட்டுகளுக்கு மிகாத இரண்டாயிரம் பொதிகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு பொதியின் தலையிலும் புறப்பட்ட இடத்தின் எண், சேருமிடத்தின் எண், வரிசை எண் ஆகியவை எழுதப்படுகின்றன. வழியில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும். முன்பின்னாக வந்து சேர்ந்தாலும் வரிசை எண்ணைக் கொண்டு அடுக்கிக்கொள்ளலாம். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் தனித்தனியே கண்ட இக்கருத்தே இணையத்தின் உயிர்நாடி. பழைய தொலைபேசியில் இருவர் பேசும்போது அவர்களுக்கிடையே ஒரு தடம் முழுமையாக ஒதுக்கப்பட்டுவிடும். அவர்கள் மௌனமாக இருந்தாலும் வேறெவரும் அதைப் பயன்படுத்த இயலாது. பொதிமுறையில் ஒரே இழையில் கோடிக்கணக்கானோரின் பொதிகள் மாறிமாறிச் செல்கின்றன.

இப்பொதிகளுக்கு வழிகாட்டுவது யார்? யாரும் முழு வழியையும் அறியார் என்பதே விடை. தென்னேரி தன் பரந்த ஏரிக்குப் பெயர் பெற்றது. மதகிலிருந்து வரும் நீரைப் பங்கிடும் பணியாளருக்குத் தம் முன்னுள்ள கிளை வாய்க்கால்களில் எதைத் திறப்பது என்பது தெரிந்தால் போதும்; கடைசி வயலின் வரப்பு வரை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. இணையத்தில் பொதிகள் பிரியும் ஒவ்வொரு சந்தியிலும் உள்ள வழிச்செலுத்தி எனும் கருவியும் அத்தகையதே. பொதியின் தலையிலுள்ள எண்ணைப் பார்க்கும். 'இவ்வகை எண்ணுக்கு அடுத்த சந்தி இது' என்று தள்ளிவிடும். (நீருக்கு முகவரி கிடையாது, பொதிக்கு உண்டு, உவமை அதற்கு மேல் செல்லாது.) எது குறுகிய வழி என்பதைக் கணக்கிடும் படிமுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையைப் பற்றி அவர் எழுதிய நூல் லத்தீனுக்குச் சென்றபோது அவர் பெயரும் உடன் சென்றது.

அடுத்த சந்தி எது என்பதை வழிச்செலுத்திகள் எப்படி அறிகின்றன என்பது கவனத்துக்குரியது. ஒவ்வொரு வலையமைப்பும் தன் அண்டை வலையமைப்புகளிடம் 'இன்னின்ன எண்களுக்கு என் வழியே வரலாம்' என்று அறிவிக்கிறது. அண்டையர் அதை ஏற்றுத் தம் அண்டையரிடம் சொல்கின்றனர். இது நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட ஏற்பாடு. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்கும் உத்தரவை நிறைவேற்ற, அந்நாட்டின் தொலைத்தொடர்பு நிறுவனம் உள்நாட்டுக்கென ஒரு பொய்யான வழியை அறிவித்தது. அது தவறுதலாக வெளியே கசிந்தது. உலகம் அதை நம்பியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பல நாடுகளில் யூடியூப் கிடைக்கவில்லை. அறிவிப்பவருக்கு அவ்வெண்களின்மேல் உரிமை உண்டா என்று சரிபார்க்கும் முறைகள் அதன்பின் வளர்ந்துள்ளன; எங்கும் நிறைவாக நடைமுறைக்கு வரவில்லை.

எண்களை மனிதர் நினைவில் கொள்வதரிது. ஆகவே தளங்களுக்குப் பெயர்கள் உண்டு. பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் பெயரேடும் உண்டு. ஒரே ஏடாக இல்லாமல் உலகெங்கும் படிப்படியாகப் பங்கிடப்பட்ட ஏடு அது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் பெயர்கள் அரபு எழுத்திலேயே அப்பெயரேட்டின் உச்சியில் முதன்முதலாக இடம்பெற்றன. பின்னர் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகியவற்றுக்குத் தமிழ் எழுத்திலும் அவ்விடம் கிடைத்தது.

இனிக் கடலுக்கு வருவோம். நெசவாளரின் படம் நேரே கடைக்காரரின் கைப்பேசிக்குப் போவதில்லை. செயலியை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்கூடம் ஒன்றில் தங்கியே போகும். எவ்வாறாயினும் கடலைக் கடந்தாக வேண்டும். சென்னைக் கரையில் பல கடலடிக் கம்பிவடங்கள் கரையேறுகின்றன. பாரதி, சிங்டெல் நிறுவனங்கள் சேர்ந்து 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அமைத்த ஐ-டு-ஐ வடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. உள்ளே தலைமயிரை ஒத்த எட்டு இணைக் கண்ணாடி இழைகள். ஆழ்கடலில் இத்தகைய வடங்களின் பருமன் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயளவே. ஒளி தேயத் தேய இடையிடையே அதைப் பெருக்கும் கருவிகளுக்கு வடத்தினுள் ஓடும் செம்பின் வழியே கரையிலிருந்து மின்சாரம் செல்கிறது. கண்ணாடியில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் விரைவது. ஆகவே மரக்காயர் கப்பல்கள் வாரக்கணக்கில் கடந்த வங்கக் கடலை ஒரு பொதி ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கில் கடக்கிறது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட செயற்கைக்கோளுக்குச் சென்று திரும்பினால் கால் நொடி ஆகும். அண்மையில் தாழ்ந்து சுற்றும் செயற்கைக்கோள்கள் இத்தாமதத்தைக் குறைத்துள்ளன. ஆயினும் கண்டங்களிடையே செல்லும் செய்தியின் மிகப் பெரும்பகுதி இன்னும் கடலடியிலேயே செல்கிறது.

இதனால்தான் எங்கோ ஓரிடத்தில் வடம் அறுந்தால் நம் வீட்டில் உணர்கிறோம். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு வடங்கள் பழுதுற்றபோது எகிப்தும் வளைகுடா நாடுகளும் இந்தியாவும் ஒருங்கே தடுமாறின. மேற்கு நோக்கிய நம் வழிகளில் பல ஒரே குறுகிய செங்கடலில் நெருக்கியடித்துச் செல்கின்றன. 2024இன் தொடக்கத்தில் அங்கு மீண்டும் வடங்கள் அறுந்தன. இணையத்துக்கு மையம் இல்லை என்பது பொதுவாக உண்மை. ஆனால் கழுத்துகள் உண்டு. உள்நாட்டிலும் இக்குறை நிலவியது. காஞ்சிபுரத்தில் ஒரு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவர், அதே தெருவில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவருக்கு அனுப்பிய மடல் வெளிநாடு சென்று திரும்பிய காலம் உண்டு. இந்திய நிறுவனங்கள் இந்தியாவுக்குள்ளேயே பொதிகளை மாற்றிக்கொள்ள 2003இல் தேசிய இணையப் பரிமாற்றகம் நிறுவப்பட்டது. அதன் நிலையங்களுள் ஒன்று சென்னையில் அமைந்தது.

பொதி கெடாமல் வந்ததா என்று அறிய ஓர் ஏற்பாடு உண்டு. அனுப்பும் கணினி, பொதியின் எண்களைக் கூட்டி ஒரு சரிபார்ப்புத் தொகையை உடன் எழுதுகிறது. பெறும் கணினி தானும் கூட்டிப் பார்க்கிறது. தொகை ஒவ்வாவிட்டால் பொதியைத் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்டது மீண்டும் வரும். அனுப்பிய எழுத்து அனுப்பியவாறே வந்து சேரும் என்பதற்கு இணையம் இவ்வாறு உத்தரவாதம் அளிக்கிறது. எழுதப்பட்டது மெய்யா என்று அது பார்ப்பதே இல்லை. தளத்தின் முகவரியருகே தோன்றும் பூட்டுக் குறியும் அத்தகையதே. வழியில் எவரும் படிக்கவோ மாற்றவோ இயலாது, பேசுவது அப்பெயருக்குரிய தளம்தான் என்று மட்டுமே அது சொல்கிறது. மோசடித் தளமும் பூட்டு வைத்திருக்கலாம்.

நம் முன்னோரான ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியின் மூலவாசகத்தை மத்ன் என்றும், அறிவித்தோரின் தொடரை இஸ்னாத் என்றும் பிரித்தனர். தொடரில் ஒருவர் விடுபட்டாலும் செய்தியின் தரம் தாழ்ந்தது. இணையம் மத்னை எழுத்துப் பிசகாமல் காக்கிறது, இஸ்னாதை அறுத்துவிடுகிறது. பொதியின் தலையில் புறப்பட்ட இடத்தின் எண் இருப்பது உண்மைதான். ஆனால் ஒருவர் பெற்ற செய்தியை மற்றொருவருக்குத் தள்ளும்போது அது புதிய செய்தியாகப் புதிய பொதிகளில் புறப்படுகிறது. முதலில் எழுதியவரைப் பற்றிய குறிப்பு பெறுபவருக்கு எட்டுவதில்லை.

இது ஏட்டளவான குறை அன்று. 2018 மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாக வாட்ஸ்அப் வழியே வட தமிழகத்தில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதைக் கண்டு சந்தேகித்த கூட்டம் தாக்கியதில் அவர் உயிரிழந்தார். வதந்தியைச் சுமந்த பொதிகள் அனைத்தும் ஓர் எழுத்துக்கூடக் கெடாமல் சரிபார்ப்புத் தொகையில் தேறி வந்தவையே.

நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் 'பகிரப்பட்டது' என்ற முத்திரையைச் சேர்த்தது; இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தள்ள இயலாதவாறு வரம்பிட்டது. 2019இல், பலமுறை கைமாறிய செய்திகளுக்கு இரட்டை அம்புக்குறி வந்தது. 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரே வேளையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே தள்ள முடியும். செய்தி இரு முனைகளுக்கிடையே பூட்டப்பட்டே செல்வதால் நிறுவனமும் அதைப் படிக்க இயலாது; எத்தனை முறை கைமாறியது என்ற எண்ணிக்கை மட்டும் செய்தியோடு பயணிக்கிறது. ஐந்து கைகளைக் கடந்ததும் அம்பு இரட்டிக்கிறது. அந்த ஐவர் யாவர் என்பது அதில் இல்லை.