சட்டசபையும் தூக்குக் கயிறும்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு செல்லும் நேயர்களில் பலர் கிரீன்வேஸ் சாலை வழியாகப் போயிருப்பார்கள். அந்தச் சாலையில் மந்திரிகளின் பங்களாக்கள் இருக்கின்றன. நீதிபதிகளின் வாசஸ்தலங்களும் இருக்கின்றன. 1991-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பிறகு, அந்த வழக்கைத் துப்பறிந்த விசேஷப் படையார் முகாம் போட்டிருந்த 'மல்லிகை' என்னும் சர்க்கார் கட்டிடமும் அச்சாலையிலேதான் இருந்தது. சட்டம் செய்வோர், தீர்ப்புச் சொல்வோர், குற்றம் துப்பறிவோர் ஆகிய மூவரும் அண்டை வீட்டுக்காரர்கள்! ஆனால் அரசியல் சட்டமோ இம்மூவருக்கும் நடுவே உயர்ந்த மதில் எழுப்பியிருக்கிறது.

ஒரு குற்ற வழக்கைக் குறித்து ஜனங்கள் மனம் கொதித்து நிற்கும்போது, அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்கள் என்ன செய்யலாம்? மதிலைத் தாண்டலாமா? வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கலாமா? மேற்சொன்ன வழக்கின் சரித்திரமே இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது.

பூவிருந்தவல்லியில் நடந்த விசாரணையில், 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறு வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் நால்வருக்கு மட்டும் அத்தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்து, மற்ற 19 பேரை விடுவித்தனர். நால்வரும் கவர்னருக்குக் கருணை மனு அனுப்பினார்கள். அப்போது கவர்னராயிருந்த பாத்திமா பீவி அம்மையார், சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்த முதல் பெண்மணி. அவர் மனுக்களை நிராகரித்தார். ஆனால் மந்திரி சபையின் ஆலோசனையைப் பெறாமல் நிராகரித்தது செல்லாது என்று 1999 நவம்பரில் சென்னை ஹைகோர்ட் கூறிவிட்டது. பிறகு கருணாநிதி மந்திரி சபையின் ஆலோசனைப்படி, 2000 ஏப்ரலில் நளினியின் மரண தண்டனை மட்டும் ஆயுள் தண்டனையாயிற்று. மற்ற மூவரின் மனுக்கள் ஜனாதிபதியிடம் போய்ச் சேர்ந்தன.

போன மனுக்கள் பதினொரு வருஷம் டில்லியில் தூங்கின! 2011 ஆகஸ்டில் அவை நிராகரிக்கப்பட்டன. செப்டம்பர் 9-ந் தேதி தூக்கு என்று நாளும் குறித்தாயிற்று.

தமிழ்நாடு எங்கும் கிளர்ச்சி எழுந்தது. வக்கீல்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளனின் தாயார் அற்புதம்மாள், பார்க்காத தலைவரில்லை, ஏறாத படியில்லை. காஞ்சிபுரத்தில் ஓர் இளம் பெண் தீக்குளித்து மாண்டாள் என்ற செய்தி எல்லோர் நெஞ்சையும் உலுக்கிற்று.

ஆகஸ்டு 29-ந் தேதி திங்கட்கிழமை, முதல் மந்திரி ஜெயலலிதா சட்டசபையில் எழுந்து, ஜனாதிபதி நிராகரித்த பின் தமக்கு இதில் அதிகாரமில்லை என்று தெரிவித்தார். மறுநாள் அவரே ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். ஜனாதிபதி அம்மனுக்களை மறுபரிசீலனை செய்து, மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சபை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. ஒரே இரவில் ஜனங்களின் குரல் கோட்டைக்குள் புகுந்துவிட்டது!

ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறக்கலாகாது. அன்று தூக்குக் கயிற்றைத் தடுத்தது அந்தத் தீர்மானம் அல்ல; அதே தினத்தில் எட்டு வாரத்திற்குத் தடை விதித்த ஹைகோர்ட்டின் உத்தரவேயாகும். சட்டசபையின் தீர்மானம் ஒரு விண்ணப்பம். ஜனாதிபதியையோ நீதிபதியையோ அது கட்டுப்படுத்தாது. 2014 பிப்ரவரி 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மூவரின் தண்டனையைக் குறைத்ததற்கும் காரணம் தீர்மானம் அன்று. கருணை மனுவுக்கு விடை சொல்ல நேர்ந்த அளவு கடந்த தாமதந்தான். மறுநாளே எழுவரையும் விடுவிக்கப் போவதாக முதல் மந்திரி சபையில் அறிவித்தபோது, அதற்கடுத்த நாளே சுப்ரீம் கோர்ட்டின் தடை வந்து சேர்ந்தது.

அப்படியானால் பிரதிநிதிகளால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். அதற்கு வழி வேறு. 2018 செப்டம்பர் 9-ந் தேதி தமிழ்நாட்டு மந்திரி சபை, அரசியல் சட்டத்தின் 161-வது ஷரத்தின்படி, எழுவரையும் விடுவிக்கலாம் என்று கவர்னருக்கு ஆலோசனை கூறியது. கோட்டையிலிருந்து கிண்டிக்கு அதிக தூரமில்லை. ஆயினும் அந்தக் காகிதம் கவர்னர் மாளிகையில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கி, 2021-ல் டில்லிக்குப் பிரயாணமாயிற்று. கடைசியில் 2022 மே 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட், மந்திரி சபையின் ஆலோசனை கவர்னரைக் கட்டுப்படுத்தும் என்று கூறி, பேரறிவாளனைத் தானே விடுவித்தது. நவம்பர் 11-ந் தேதி மற்ற அறுவரும் விடுதலை பெற்றனர். சபையில் எழுந்த கோஷத்தைவிட, பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட காகிதமே வலிமை பெற்றது.

நிற்க. இந்தக் கதைக்கு மறு பக்கமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவுடன் மாண்டவர்களும் பலர். அவர்களில் சிலரின் குடும்பத்தார் விடுதலையை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை சென்றார்கள். அவர்களுக்காகக் கூட்டம் கூடவில்லை, தீர்மானமும் வரவில்லை. அவர்களும் வோட்டர்கள்தாமே?

இன்னொன்று. 2000 பிப்ரவரி 2-ந் தேதி தர்மபுரியில், தங்கள் தலைவிக்கு ஒரு வழக்கில் தண்டனை கிடைத்த ஆத்திரத்தில், கட்சிக்காரர்கள் ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள். சுற்றுலா வந்த கோவை விவசாயக் கல்லூரி மாணவிகள் மூவர் கருகி மாண்டனர். அந்த வழக்கில் மரண தண்டனை பெற்றுப் பின்னர் ஆயுள் கைதிகளான மூவர், அக்கட்சியே ஆட்சி நடத்திய 2018 நவம்பரில் விடுதலையானார்கள். கவர்னர் முதலில் திருப்பியனுப்பிய காகிதத்தை மந்திரி சபை மீண்டும் அனுப்பி ஒப்புதல் பெற்றது. அதே 161-வது ஷரத்து! எழுவரின் காகிதம் அதே மாளிகையில் அப்போது காத்துக் கிடந்தது. பெண்களைப் பெற்ற வீடுகளில் இச்செய்தியைப் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

கருணை காட்டும் அதிகாரத்தை ஜனப் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தது சரியே என்பதுதான் நம் அபிப்பிராயம். கோர்ட்டின் கண்ணுக்குப் புலப்படாத நியாயங்களும் உண்டு. தாமதமே ஒரு தண்டனையாகிவிடுவதும் உண்டு. ஆனால் அந்த அதிகாரம், கூட்டத்தின் பெருமையையோ கட்சிக் கொடியின் நிறத்தையோ பார்த்து அசையலாகாது. இன்று கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் ஜனங்கள், நாளை வேறொருவன் கழுத்தில் அதை மாட்டச் சொல்லவும் கூடும்.

ஆகவே, மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ வோட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வரும் அபேட்சகரிடம், "இன்ன வழக்கில் இன்ன தீர்ப்பு வாங்கித் தருவீரா?" என்று கேட்க வேண்டாம். "கருணை மனுவுக்கு இத்தனை மாதத்திற்குள் விடை என்று விதி செய்யப் பாடுபடுவீரா? விடுதலைக்கும் மறுப்புக்கும் காரணத்தை எழுதி வெளியிடச் சொல்வீரா? இழந்தவர்களின் வார்த்தையைக் கேட்க ஏற்பாடு செய்வீரா? கேட்பாரற்றுக் கிடக்கும் கைதிக்கும் இதே சட்டந்தானா?" என்று கேட்போம். பதில் சொல்லத் திணறுகிறவருக்கு நம் வோட்டு எதற்காக?