இராஜபாளையம் நாயும் இனவிருத்தி செய்வோர் கடமையும்

நூற்பாலைகளுக்கும் பருத்திக்கும் பெயர் பெற்ற இராஜபாளையம், தன் பெயரையே தாங்கிய நாயினத்தாலும் புகழ் எய்தியுள்ளது. வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இவ்வினத்திற்கு இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் தபால் தலை வெளியிட்டது. குட்டிகளுக்குக் கிராக்கி இருப்பதால், இனவிருத்தியை உபதொழிலாகக் கொள்வோர் பலர் உளர். இத்தொழிலை அறநெறி வழுவாது நடத்துவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

விதைக்காகப் பருத்திச் செடியைத் தேர்ந்தெடுக்கும் விவசாயி, பஞ்சின் வெண்மையை மட்டுமா பார்க்கிறார்? செடி நோயற்றதா, நன்கு காய்த்ததா என்றும் பார்க்கிறார். நாய் விஷயத்திலோ நெடுங்காலமாக நிறம் ஒன்றே பெரிதாகக் கருதப்பட்டது. நிறம் கலந்த குட்டிகள் கழிக்கப்பட்டன. அதனால் இனத்தின் வளம் குறுகியது.

வெண்மைக்கும் செவிக்கும் தொடர்பு உண்டு. உட்செவி செவ்வனே இயங்க நிறமி உயிரணுக்கள் தேவை. மேனியை வெண்மையாக்கும் பரம்பரைக் கூறு சில குட்டிகளின் உட்செவியிலும் அவ்வுயிரணுக்கள் இல்லாமற் செய்துவிடுகிறது. அக்குட்டிகள் பிறந்த சில வாரங்களில் செவிடாகின்றன. ஆறாவது வாரத்தில் ஒவ்வொரு குட்டியையும் தனியே நிறுத்தி, அது காணாவண்ணம் பின்புறத்தில் ஓசை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். ஒரு செவி மட்டும் கேளாத குட்டி இச்சோதனையில் தப்பிவிடும். அதைக் கண்டறியக் கருவிச் சோதனை தேவை. ஒரு செவி கேளாத நாயையும் இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது.

செவிட்டுக் குட்டி பிறந்தால் அதைக் கொல்வதும் குற்றம். மறைத்து விற்பதும் குற்றம். உண்மையைச் சொல்லி, சுற்றுவேலியுள்ள வீட்டினரிடம் ஒப்படைத்து, கருத்தடை செய்விக்கலாம். உடன்பிறந்தவற்றையும், தாய் மகன், தந்தை மகள் என்பவற்றையும் இணை சேர்ப்பது மறைந்திருக்கும் குறைகளை வெளிக்கொணரும். ஆதலின் மூன்று தலைமுறை வம்சாவளியையேனும் எழுதி வைத்தல் அவசியம்.

தாய் நாயின் நலம் அடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, இனவிருத்தி செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை இணை சேர்த்தல் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்து, வாழ்நாளில் ஐந்து ஈத்து என்பதே வரம்பு. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலும் ஆகாது. தாயுடனும் உடன்பிறந்தவற்றுடனும் இருக்கையிலேயே, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. முன்னதாகப் பிரிக்கப்பட்ட குட்டி பின்னர் குழந்தைகளைக் கடிக்குமாயின், பழி நாயின்மேல் விழும்; பிழையோ விற்றவருடையது.

வாங்குவோருக்குத் தாயையும், தடுப்பூசிக் குறிப்பையும் காட்டுதல் கடமை. காவலுக்கும் ஓட்டத்திற்கும் பழகிய இந்நாயைச் சிற்றறையில் கட்டிவைக்க எண்ணுவோருக்கு, விலை மிகுதியாகத் தந்தாலும், கொடுக்க மறுத்தல் நலம். வளர்க்க இயலாமற் போனால் தெருவில் விடாது தம்மிடமே திருப்பித் தருமாறு எழுதி வாங்கிக்கொள்ளலும் நன்று.

சாயம் போகும் சேலையை விற்ற நெசவாளரிடம் மக்கள் மறுமுறை செல்லார். ஆனால் சேலையைத் தூர எறியலாம். உயிரை எறிதல் இயலாது. ஆதலின் குட்டி வாங்க விரும்பும் அங்கத்தினர்கள் விலை கேட்பதன் முன்னர், தாயைக் காட்டுமாறு கேட்பார்களாக.