32,768 முறுக்குகளும் ஒரு நொடியும்

“ஆயிரம் ரூபாய் வாட்சும் இரண்டு லட்ச ரூபாய் வாட்சும் ஒரே நேரத்தைத்தானே காட்டுகின்றன? கூடுதல் பணத்துக்கு எதைத் தருகிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை. பெரும்பாலும் ஆயிரம் ரூபாய் வாட்ச்தான் சரியான நேரத்துக்கு அருகில் இருக்கும்.

இரண்டு லட்ச ரூபாய்க்கு விற்பவை அநேகமாக ஸ்பிரிங்கில் ஓடும் இயந்திர வாட்சுகள். அவற்றைச் சோதித்துச் சான்று தரும் சுவிட்சர்லாந்து அமைப்பின் விதிப்படி, ஓர் இயந்திரம் சராசரியாக நாளுக்கு 4 நொடி வரை பின்தங்கலாம், 6 நொடி வரை முந்தலாம். அதாவது மாதம் மூன்று நிமிடம் முந்தினாலும் சான்று உண்டு. செல்லில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் வாட்சின் பிழையோ மாதத்துக்கு 15 முதல் 20 நொடி. 1989இல் வந்து இன்றும் விற்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ வாட்சுக்கு அந்த நிறுவனம் சொல்லும் வரம்பு மாதம் 30 நொடி.

மலிவான பொருளுக்கு இந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது? வாட்சின் பின்மூடியைத் திறந்தால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் உலோகக் குழல் தெரியும். காற்று நீக்கிய அந்தக் குழலுக்குள் குவார்ட்ஸ் படிகத்தில் வெட்டிய இசைக்கவை இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் தட்டிப் பார்த்தோமே, அதே வடிவம்தான். குவார்ட்ஸை வளைத்தால் மின்னழுத்தம் பிறக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அது வளையும். இந்த இரட்டைக் குணத்தைப் பயன்படுத்தி, மின்சுற்று அந்தக் கவையை ஓயாமல் அதிரவைக்கிறது. நொடிக்கு 32,768 முறை.

ஏன் அந்த எண்? பாதி, பாதி என்று 15 முறை வகுத்தால் அது சரியாக 1 ஆகிவிடும். இந்த வகுத்தல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

திண்ணையில் 15 பேரப்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டி முறுக்குச் சுட்டுச் சுட்டு முதல் பிள்ளையிடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். விதி ஒன்றுதான்: கைக்கு இரண்டு வந்ததும் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தர வேண்டும். பாட்டி நொடிக்கு 32,768 முறுக்குத் தந்தால், முதல் பிள்ளை 16,384ஐத் தின்றுவிட்டு அதே அளவை அடுத்த பிள்ளைக்கு அனுப்பும். இரண்டாவது பிள்ளை 8,192, மூன்றாவது 4,096. கடைக்குட்டிக்கு வந்து சேர்வது இரண்டே முறுக்கு. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைத் திண்ணைக்கு வெளியே நீட்டும். அந்த ஒற்றை முறுக்குதான் ஒரு நொடி. பிள்ளைகள் யாருக்கும் பெரிய எண் தெரிய வேண்டாம். இரண்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். வாட்சின் சில்லில் இருக்கும் 15 சுற்றுகளும் செய்வது அவ்வளவுதான்.

மாவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். தின்று தீர்த்த முறுக்குகளில் பாதி முதல் பிள்ளையின் வயிற்றில்தான் இருக்கிறது. வகுக்கும் சுற்றுகளிலும் அதிக மின்சாரத்தை விழுங்குவது முதல் படிதான்; அதுதான் மிக வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. பாட்டி இன்னும் வேகமாகச் சுட்டால் மாவு சீக்கிரம் தீரும், அதாவது செல் சீக்கிரம் தீரும். சிட்டிசன் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த காலிபர் 0100 என்ற இயந்திரத்தில் படிகம் நொடிக்குச் சுமார் 84 லட்சம் முறை அதிர்கிறது. அந்தத் திண்ணையில் 23 பிள்ளைகள் உட்கார வேண்டும். மாவை வெளிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். வெப்பம் அதிகம் பாதிக்காதபடி வெட்டிய படிகம் அது. பிழை ஆண்டுக்கு ஒரு நொடிக்குள்.

வெப்பம் ஏன் முக்கியம்? சாதாரண வாட்சின் கவை சுமார் 25 டிகிரி செல்சியஸில்தான் மிக வேகமாக அதிரும். சூடேறினாலும் தாமதம், குளிர்ந்தாலும் தாமதம். 10 டிகிரி விலகினால் நாளுக்கு 0.3 நொடி; 20 டிகிரி விலகினால் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. வெயிலில் நிறுத்திய காருக்குள் 45 டிகிரியில் கிடக்கும் வாட்ச் நாளுக்கு ஒரு நொடிக்கு மேல் பின்தங்கும். கையில் கட்டியிருந்தால் உடல் சூடு அதை அதிகம் அலையவிடாது. குவார்ட்ஸ் வாட்சைப் பெட்டியில் பூட்டிவைப்பதைவிடக் கட்டிக்கொள்வதே நல்லது.

வரலாறு சுருக்கமாக. படிகத்தின் மின்குணத்தைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1927இல் முதல் குவார்ட்ஸ் கடிகாரம் பிறந்தது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வந்த சீக்கோ ஆஸ்ட்ரான்தான் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை 4,50,000 யென். அன்று அந்தப் பணத்தில் ஒரு சிறிய கார் வாங்கலாம். எச்.எம்.டி. சாவி கொடுக்கும் வாட்சுகளால் கோலோச்சிய காலத்தில், டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸையே நம்பி இறங்கியது.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? சிலவற்றுக்குக் கொடுக்கலாம். முதலில் கண்ணாடி. தெருப்புழுதியிலும் ஆற்று மணலிலும் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவில் அது 7. சாதாரண கண்ணாடி அதற்குக் கீழே இருப்பதால் கீறல் விழும். சபையர் கண்ணாடி 9. புழுதி அதைத் தொடாது. அடுத்து, நீர்த்தடுப்பு. ‘30 மீட்டர்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கிணற்றில் குதிக்காதீர்கள். அது கைகழுவும்போது தெறிக்கும் நீருக்கு. நீந்துபவர்கள் 100 மீட்டர் என்று போட்டதை வாங்குங்கள். ‘ஜப்பான் இயந்திரம்’ என்ற வாசகத்துக்கு மட்டும் தனியாகப் பணம் தராதீர்கள். மலிவான வாட்சிலும் விலை கூடிய வாட்சிலும் ஒரே ஜப்பானியக் குவார்ட்ஸ் இயந்திரம் இருப்பது சாதாரணம்.

இயந்திர வாட்சை விரும்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மணிக்கு 28,800 முறை ஊசலாடும் சக்கரம், வழுக்கிக்கொண்டு நகரும் நொடிமுள், செல்லே தேவைப்படாத ஓட்டம், நாற்பது ஆண்டு கழித்தும் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டக்கூடிய கட்டுமானம்: இவையெல்லாம் உண்மையான சுகங்கள். அவற்றுக்காக வாங்குங்கள், மனநிறைவோடு வாங்குங்கள். துல்லியத்துக்காக வாங்குகிறோம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கடையில் யாராவது துல்லியம் என்ற பெயரில் விலையை ஏற்றினால், “மாதத்துக்கு எத்தனை நொடி தவறும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண் 15ஐவிடச் சிறியதாக இருந்தால் அந்தப் பேச்சைக் கேட்கலாம். எண்ணே வராவிட்டால் நீங்கள் கொடுக்கப்போவது பெயருக்கும் அழகுக்கும் உரிய விலை. அந்த அழகு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதை வேறு யாரும் சொல்ல முடியாது.